புது பேட் போட்ட பிறகு பிரேக் பெடல் இறங்குகிறதா? எங்கே பார்க்க வேண்டும்

காரில் புது பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாட்டியாயிற்று. சக்கரத்தை இறுக்கி ஜாக்கியையும் இறக்கியாயிற்று. சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறீர்கள். கால் எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போகிறது. முதல் தடவை இதைப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பதற வேண்டாம். அதே சமயம் "தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்போம்" என்றும் கிளம்பிவிடாதீர்கள். நின்ற இடத்தில் பெடல் கெட்டியாகாத கார் ஓட்டும்போதும் கெட்டியாகாது.

இந்தப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஒரே பதில் "ஏர் எடு", அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்று என்பதுதான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஒரே நாளில் மூன்று முறை ஏர் எடுத்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை, பெடல் மட்டும் இன்னும் மோசமானது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதைப் பெரிதாக்கியதும் நான் பெடலைத் தரைவரை மாறி மாறி மிதித்ததுதான். அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் பெடல் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைக் கால் சொல்லிவிடும்.

படி 1: முதலில் பெடலை ஏற்றுங்கள்

தேய்ந்த பேட்டைக் கழற்றிவிட்டுத் தடித்த புது பேட்டை நுழைக்க, கேலிப்பரின் (பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அந்தப் பிஸ்டன் இப்போது பேட்டைத் தொடாமல் விலகி நிற்கிறது. பெடலை ஒரு முறை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதிக்கும்போது சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) கொஞ்சம் ஆயில்தான் போகும், பிஸ்டன் கொஞ்சம்தான் நகரும். இடைவெளி மூடும்வரை பெடலுக்குத் தடை கிடைக்காது. பேட் மாற்றிய எல்லாக் கார்களிலும் முதல் சில மிதிகள் இப்படித்தான் இருக்கும். இது கோளாறு அல்ல.

இன்ஜினை அணைத்து வையுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பெடலை மெதுவாக, பாதித் தூரம் மட்டும் மிதித்து விடுங்கள். தரைவரை அமுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. பத்துப் பதினைந்து மிதிக்குள் பெடல் மேலே வந்து கால் கெட்டியாக நிற்க வேண்டும். நின்றதும் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெடல் கெட்டியாக இருக்கும்போது அதை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கால் சற்றுக் கீழே இறங்கும். காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வேக்குவம் பூஸ்டர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்துப் பயந்து நல்ல பிரேக்கைப் பிரித்துவிடாதீர்கள்.

படி 2: எப்படி இறங்குகிறது?

இன்ஜின் அணைந்திருக்கட்டும். நான்கைந்து முறை மிதித்துப் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைக் காலி செய்யுங்கள். பிறகு பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்து, முப்பது விநாடி அப்படியே பிடியுங்கள். முதலில் லேசான அழுத்தத்திலும் அடுத்து பலமான அழுத்தத்திலும் செய்து பாருங்கள்.

பெடல் பஞ்சுபோல அமுங்கி, வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறது என்றால், குழாய்க்குள் காற்று இருக்கிறது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். காலின் பலம் பேட்டுக்குப் போகாமல் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

முதலில் கெட்டியாக நின்று, பிடித்திருக்கப் பிடித்திருக்க மெல்லத் தரையை நோக்கி நழுவினால் ஆயில் எங்கோ தப்பிக்கிறது. ஒன்று வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சுற்றிப் போகிறது. இங்கே சொல்லும் மூன்று விதங்களில் ஆபத்தானது இதுதான்.

நழுவாமல், பஞ்சாகவும் இல்லாமல், ஆனால் நெடுந்தூரம் கீழே போன பிறகே பெடல் பிடித்தால் இரும்புப் பாகங்களில் எங்கோ இடைவெளி அதிகம் என்று பொருள். பேட் சரியாக உட்காராதது, பின்பக்க டிரம் பிரேக் (சுற்றும் டிரம்முக்குள் ஷூ என்ற கட்டைகள் விரிந்து பிடிக்கும் வகை) தளர்ந்திருப்பது போன்றவை.

படி 3: கசிவு இருக்கிறதா?

மூன்றில் எதுவாக இருந்தாலும் இதை முதலில் பாருங்கள். டார்ச் எடுத்து, நான்கு சக்கரங்களின் உள்பக்கம், கேலிப்பர், நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு), ஹோஸ் சேரும் இடம் என்று ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நிப்பிளைத் திறந்திருந்தால் முழுக்க மூடினீர்களா? ஹோஸைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டீர்களா? கேலிப்பரைக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியபோது அதன்மேல் இருந்த துரு உள்ளே போய் ரப்பர் சீலைக் கிழித்திருக்கலாம். அப்படியானால் பிஸ்டனைச் சுற்றி ஈரம் இருக்கும்.

பின்பக்கம் டிரம் இருந்தால் அதன் அடியையும் தடவிப் பாருங்கள். பானட்டுக்குள், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் ஈரம் இருந்தால் பின்சீல் போய்விட்டது.

கசிவு தெரிந்தால் கார் அங்கேயே நிற்கட்டும். அதைச் சரிசெய்யும்வரை மற்றப் படிகளுக்குப் போக வேண்டாம்.

படி 4: பேட் உட்கார்ந்திருக்கும் விதம்

சக்கரத்தைக் கழற்றுங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பேட்டின் உராயும் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து இருக்கிறதா? இரும்புத் தகட்டுப் பக்கத்தை டிஸ்க் மேல் வைத்து மாட்டியவர்கள் உண்டு, அவசரத்தில் யாருக்கும் நேரலாம். பேட்டின் காதுகள் கிளிப்புக்குள் தடையில்லாமல் நகர வேண்டும். கிளிப் வளைந்தோ அடியில் துரு திரண்டோ இருந்தால் பேட் சாய்ந்து நிற்கும், மிதிக்கும்போது கேலிப்பர் வளைந்து கொடுக்கும். கேலிப்பர் சறுக்கும் பின்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

பின்பக்கம் டிஸ்க் உள்ள சில கார்களில் ஹேண்ட்பிரேக்கும் அதே கேலிப்பருக்குள் இருக்கும். அந்தப் பிஸ்டனை அமுக்கித் தள்ளக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதன் முகத்தில் உள்ள பள்ளத்தில் பேட்டின் பின்பக்க முளை உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெடல் ஆழமாகவே போகும். மின்சார ஹேண்ட்பிரேக் என்றால், பிரிப்பதற்கு முன்பே அதைச் சர்வீஸ் நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

பின்னால் டிரம் உள்ளவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். முன்பைவிட நன்றாக மேலே பிடித்தால், பின்பக்க ஷூ டிரம்மை விட்டு அதிகம் விலகியிருக்கிறது. அதை அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

படி 5: காற்று

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று எந்த வழியாக உள்ளே போயிருக்கும்? நிப்பிளைத் திறக்கவில்லை, ஹோஸைக் கழற்றவில்லை, டப்பாவில் ஆயில் வற்றவில்லை, கசிவும் இல்லை என்றால் காற்று நுழைய வழியே இல்லை. வெறும் பேட் மாற்றியதால் காற்று புகாது. இந்தக் கேள்வியை நான் அன்றே கேட்டிருந்தால் மூன்று முறை ஏர் எடுத்திருக்க மாட்டேன்.

வழி இருந்தது, பெடலும் பஞ்சாக இருக்கிறது என்றால் ஏர் எடுங்கள். அதற்கு முன் நிப்பிள் கேலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கேலிப்பரையும் கழற்றி மாட்டியபோது இடம் வலம் மாறிவிட்டால் நிப்பிள் அடியில் வந்துவிடும். காற்று மேலே தங்கும், நிப்பிள் கீழே இருக்கும். எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் அந்தக் குமிழி வெளியே வராது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முங்க வையுங்கள். உள்ளே இருப்பவரிடம் "மிதி" என்றால் அவர் மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயிலும் குமிழியும் வரும், பெடல் இறங்கும். அவர் காலை எடுப்பதற்கு முன்னால் நிப்பிளை மூடிவிட்டு, அதன் பிறகே "விடு" என்று சொல்லுங்கள். வரிசை தவறினால், வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும். குமிழி நிற்கும்வரை இதைத் தொடருங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டு வைத்தால் அது தரைவரை போகாது. ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்றுங்கள். வற்றவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது? பல கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பார்கள். சில கார்களில் குறுக்காக மாறும், உங்கள் காரின் கையேடு சொல்வதே சரி. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பெட்டிக்குள் காற்று போயிருந்தால் கையால் எடுப்பது கடினம். ஸ்கேனர் வைத்து அதன் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது இன்ஜின் ஆயில் வகையைச் சேர்ந்தது அல்ல. பெட்ரோலியம் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். டப்பா மூடியில் போட்டிருக்கும் வகையையே வாங்குங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிகான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. கிளைகால் வகை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். பல நாளாகத் திறந்து கிடந்த பாட்டிலை மிச்சம் பிடிக்காதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அது பெயின்ட்டை அரித்துவிடும்.

படி 6: மாஸ்டர் சிலிண்டர்

வெளியே கசிவு இல்லை, டப்பாவில் அளவு குறையவில்லை, காற்றும் இல்லை. ஆனாலும் பிடித்தால் பெடல் நழுவுகிறது. எனக்கு நடந்தது இதுதான்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் மாட்டிய பிஸ்டன்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. அன்றாடம் பிரேக் பிடிக்கும்போது அவை சிலிண்டரின் முதல் பகுதியில் மட்டும்தான் நடமாடும். கால் போகாத மீதிப் பகுதியில் வருடக்கணக்கில் ஈரமும் துருவும் கசடும் படிந்திருக்கும். பேட் மாற்றிவிட்டு பெடலைத் தரைவரை ஓங்கி மிதித்தால் கப்பின் மெல்லிய விளிம்பு அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறி இறங்கும், கிழியும். பிறகு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் கப்பைத் தாண்டிப் பின்னால் நழுவி டப்பாவுக்கே திரும்பிவிடும். அதனால்தான் ஒரு சொட்டு வெளியே வராது, அளவும் குறையாது. பழைய காரில் பாதித் தூரம் மட்டும் மிதியுங்கள், கட்டை வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இந்தக் கோளாறு சில நேரம் லேசான அழுத்தத்தில்தான் தெரியும். பலமாக மிதித்தால் கப்பின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பெடல் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். சிக்னலில் மெல்லக் கால் வைத்து நிற்கும்போது கார் முன்னே நகரும். இரண்டாம் படியில் இரண்டு அழுத்தத்திலும் பிடித்துப் பார்க்கச் சொன்னது அதற்காகவே.

ஹோஸ் பிடிக்கும் கிளாம்ப் இருந்தால் நான்கு ரப்பர் ஹோஸையும் அடைத்துவிட்டு மிதித்துப் பார்க்கலாம். அப்போதும் நழுவினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர்தான், அரிதாக ஏபிஎஸ் பெட்டியின் வால்வு. கெட்டியாகிவிட்டால் ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுங்கள். எதை எடுக்கும்போது இறங்குகிறதோ அந்தச் சக்கரத்தில் கோளாறு. சாதாரணக் கொறடை வைத்து ஹோஸை நசுக்காதீர்கள், உள்ளே வெடித்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதைப் பழகியவரிடம் விடுங்கள். புதியதைப் பொருத்தும்போது அதற்குள் இருக்கும் காற்றைத் தனியாக எடுக்க வேண்டும், பிறகு நான்கு சக்கரமும் பார்க்க வேண்டும். காரை அவரிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

படி 7: ஓட்டிப் பார்த்தல்

பெடல் கெட்டியானதும், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் நடக்கும் வேகத்தில் நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் வேலை செய்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். புது பேட்டும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய நேரம் எடுக்கும். பேட் பெட்டியில் வேறு குறிப்பு இல்லையென்றால் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். அதுவரை பெடல் சற்று மென்மையாக இருப்பது இயல்பு. நழுவுவது ஒருபோதும் இயல்பல்ல.

சில கார்களில் நிற்கும்போது நன்றாக இருந்த பெடல், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு முதல் மிதியில் ஆழமாகவும் இரண்டாவது மிதியில் சரியாகவும் இருக்கும். டிஸ்க் கோணலாகவோ வீல் பேரிங் ஆட்டமாகவோ இருந்தால், சுற்றும் டிஸ்க் பேட்டை அடித்து அடித்துப் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும். ஏர் எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன்னால், பெடலை ஒரே ஒரு முறை மிதித்துப் பிடியுங்கள். நேற்று நின்ற உயரத்திலேயே நிற்கிறதா? டப்பாவில் ஆயில் நேற்றைய கோட்டில் இருக்கிறதா? சக்கரத்தின் உள்பக்கம் காய்ந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சாவியைத் திருப்புங்கள். ஒன்று இல்லை என்றாலும் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.