உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஊட்டும் முறை

ஸ்டென்ட் வெறும் கம்பிவலைக் குழாய். உணவைத் தானாகக் கீழே தள்ளாது. அதனால் நிமிர்ந்து உட்காரவைத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். இரண்டு மூன்று வாய்க்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மிடறு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் படுக்க வேண்டாம்.

திட உணவை எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார். இட்லியைச் சாம்பாரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கட்டி விரலில் தட்டாத அளவுக்கு மசியுங்கள். கஞ்சியை நீர்க்கக் கரைத்தால் வயிறுதான் நிறையும், எடை இறங்கும். நெய்யோ பால் பவுடரோ சேருங்கள். பிரெட் எச்சிலில் பந்தாகத் திரண்டு அடைக்கும். முருங்கைக்காய்ச் சக்கையும் கீரைத்தண்டும் வலையில் சிக்கும்.

அடைத்தால் ஊட்டுவதை நிறுத்தி, நடக்கவைத்து, சோடாவைச் சிறு மிடறாகக் கொடுங்கள். எச்சிலே இறங்கவில்லையென்றால் சோடாவும் கூடாது, புரையேறும். நெஞ்சுவலி, ரத்தவாந்தி இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.