வீட்டு அறையையும் கணினியையும் தொழில் செலவாகக் காட்டுவது எப்படி

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் வீட்டின் ஓர் அறையிலேயே டிடிபி, மொழிபெயர்ப்பு, கட்டட வரைபடம் என்று தொழில் நடத்துகிறவர்கள், அந்த அறைக்கும் கணினிக்கும் ஆகும் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது.

முதலில், உத்தேச வருமான முறையா, உண்மையான வரவு செலவா என்பதை முடிவு செய்யுங்கள். பொறியாளர், வழக்கறிஞர் போன்றோர் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் உத்தேச முறையில், எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகவே கொள்ளப்படும்; அறைக்கும் கணினிக்கும் தனியாகக் கழிக்க முடியாது. அதைவிடக் குறைந்த லாபம் காட்டினால், மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டும்போது கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். ஆடிட்டர் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

அறைக்கு அளவே ஆதாரம். 900 சதுர அடி வாடகை வீட்டில் 135 சதுர அடி தொழிலுக்கென்றே இருந்தால் பங்கு 15 சதவீதம். மாத வாடகை 9,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,200 ரூபாய் கழியும். அறைகளின் அளவைக் குறித்த வரைபடத்தை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். சொந்த வீடென்றால் தமக்குத் தாமே வாடகை எழுதிக்கொள்ள முடியாது. அந்தப் பகுதிக்குரிய வீட்டு வரியும் பழுதுபார்ப்புச் செலவும் கழியும். நம் ஊரில் பலருக்கும் வீடு தந்தையின் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கு நியாயமான வாடகையை உண்மையாகவே வங்கி வழியாகக் கொடுத்து, அவரும் அதைத் தம் வருமானத்தில் காட்டினால் கேள்வி எழாது.

கணினியின் விலையை ஒரே ஆண்டில் முழுச் செலவாக எழுதக் கூடாது; ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானமாகவே (பயன்பாட்டால் குறையும் மதிப்பாகவே) கழிக்க வேண்டும். 60,000 ரூபாய்க் கணினிக்கு முதல் ஆண்டில் 24,000 ரூபாயும், மறு ஆண்டில் மீதமுள்ள 36,000 ரூபாயில் 14,400 ரூபாயும் கழியும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதியே, அதாவது 12,000 ரூபாயே கிடைக்கும். பிள்ளைகளும் அதில் படித்தால் தொழிலுக்குரிய பங்கை மட்டும் எடுங்கள். வண்ணார்பேட்டைக் கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை கணினியின் அடக்க விலையில் சேராது என்பதால், யுபிஐ அல்லது வங்கி வழியாகவே செலுத்துங்கள். கணினி வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற்றிருந்தால், அந்தத் தொகையை நீக்கிய விலைக்கே தேய்மானம் கணக்கிட வேண்டும்.