பொத்தேரிப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு

சென்னைக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் தாம்பரத்தைத் தாண்டி வீடு தேடுகிற குடும்பங்கள் இப்போது அதிகம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி விசாரித்துக்கொண்டே போகிறார்கள். நான் பொத்தேரியில் இருந்துகொண்டு சைதாப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவள். கணவருக்கு மறைமலை நகரில் ஃபேக்டரி வேலை, அதுவும் ஷிப்ட். மாமியார் எங்களோடுதான். எங்கள் மாடியில் இரண்டு வீடுகளிலும் மாணவர்கள். இந்தப் பக்கம் வரலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஊர் ஓடுவது கல்லூரி செமஸ்டர் கணக்கில். 1985-ல் இங்கே பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம்., 2002-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஹாஸ்டல் கிடைக்காத பிள்ளைகளும், ஹாஸ்டல் பிடிக்காத பிள்ளைகளும் சுற்றியுள்ள தெருக்களில் வீடு எடுக்கிறார்கள். அதனால் வாடகை, கடை, ஆட்டோ, மெஸ், சத்தம், அமைதி எல்லாமே பரீட்சையையும் லீவையும் ஒட்டித்தான் ஏறி இறங்கும்.

வீடு தேட நல்ல நேரம் சித்திரை, வைகாசி. கடைசி வருஷப் பிள்ளைகள் பரீட்சை முடித்துக் காலி செய்திருப்பார்கள், புதியவர்கள் வந்திருக்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு டூலெட் போர்டு தொங்கும். அதே வீட்டை ஜூலையில் போய்க் கேட்டால் அட்மிஷன் கூட்டம் வந்து நிற்கும். நம் வீடுகளில் ஆடியில் குடிபோக மாட்டோம், ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருப்போம். மாணவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆவணியில் போய்ப் பார்த்தால் மிச்சம் இருப்பது வெளிச்சம் வராத வீடும் தண்ணீர் ஏறாத மாடியும்தான். வைகாசியிலேயே பால் காய்ச்சிவிடுங்கள்.

வீட்டுக்காரர்கள் இங்கே தலைக்கணக்குப் போட்டுப் பழகியவர்கள். இரண்டு பெட்ரூம் வீட்டில் ஐந்து பையன்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பெருக்கி வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கும் அதே தொகையைச் சொல்வார்கள். அந்த இடத்தில் தயங்காமல் பேசுங்கள்: மே, ஜூனில் வீடு பூட்டிக் கிடக்காது, வருஷா வருஷம் புரோக்கர் வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். இதைக் கேட்டு இறங்கிவருகிற வீட்டுக்காரர்கள் நிறையப் பேர். இறங்காதவரை விட்டுவிடுங்கள். அவருக்கு மாணவர்கள்தான் சரி.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். குழாயைத் திறந்து கையில் சோப்பு போட்டுப் பார்த்தாலே போர் தண்ணீரின் லட்சணம் தெரியும். நுரை வரவில்லை என்றால் உப்பு. பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை படிந்திருக்கிறதா, பக்கெட் ஓரம் கரகரவென்று இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேருமா, தனியாகப் பிரிப்பார்களா என்று கேளுங்கள். குடிக்க எல்லோரும் கேன்தான்.

அடுத்தது மழை. இது ஏரிகள் நிறைந்த பூமி. பொத்தேரியில் ஏரி, நந்திவரத்தில் ஏரி. ஆதனூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போய்ச் சேரும். புது நகர்கள் பலவற்றுக்கு அழகான பெயர் இருக்கும், தரை மட்டும் தாழ்வாக இருக்கும். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரரையும் புரோக்கரையும் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையும், காலையில் பால் பாக்கெட் போடுகிறவரையும் கேட்டால் முழங்கால் வரையா இடுப்பு வரையா என்று காட்டிவிடுவார்கள். கோடையில் வீடு பார்க்கிறோம் என்பதால் இதை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். சாலையைவிடத் தரைத்தளம் தாழ்ந்திருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இபி மீட்டர் விஷயம் பணம் சம்பந்தப்பட்டது. உங்கள் வீட்டுக்குத் தனி சர்வீஸ் (மின் இணைப்பு) இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே. 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்து பில் சட்டென்று ஏறும். ஒரே சர்வீஸில் மூன்று வீட்டைக் கோத்து, சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீடுகளும் இங்கே இருக்கின்றன. அங்கே அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது. சர்வீஸ் நம்பரைக் கேட்டு, கடைசி இரண்டு பில்லைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

ஒப்பந்தம் எழுதுங்கள். 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு மாதிரி நீங்களே எழுதிக் கொடுத்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்யும்போது ‘பெயின்ட் அடிக்க’ என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. பிடிப்பார்களா, எவ்வளவு என்பதை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

இனி ரயில். இந்தப் பக்கம் வாழ்க்கையே எலெக்ட்ரிக் ட்ரெயினை நம்பித்தான். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரை வருவது குறைவு. ‘ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு’ என்று கேட்டு மயங்காமல், நீங்கள் ஏற வேண்டிய நேரத்துக்கு வண்டி இருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. காலையில் உட்கார்ந்து போக வேண்டுமென்றால் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்தே புறப்படும் வண்டியில் ஏறுங்கள். சாயங்காலம் நேர்மாறு: தாம்பரம் வண்டி முதலில் வருகிறதே என்று ஏறிவிட்டால், அங்கே கொட்டிக் கிடக்கிற கூட்டத்தோடு செங்கல்பட்டு வண்டியில் தொங்க வேண்டும். நான் சைதாப்பேட்டையிலேயே நின்று நேர் வண்டியில்தான் வருவேன். மெட்ரோ பிடிக்க வேண்டியவர்களுக்குப் பரங்கிமலையிலோ கிண்டியிலோ மாறுவது சுலபம். மாதச் சீசன் டிக்கெட்டைவிட மூன்று மாதச் சீசன் லாபம், போனிலேயே எடுக்கலாம்.

பொத்தேரி ஸ்டேஷனுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. நாம் நகரத்துக்குப் போகிற நேரத்தில் நகரத்திலிருந்து பிள்ளைகள் இங்கே வந்து இறங்குகிறார்கள். அந்த வண்டி நின்றவுடன் படியெல்லாம் முதுகுப் பைகள். எதிர்த்திசையில் நீந்திப் போக முடியாது. கல்லூரி நாளில் பத்து நிமிஷம் முன்னாடியே பிளாட்பாரத்தில் இருங்கள். செமஸ்டர் லீவில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு நிதானமாக வீட்டிலேயே காபி குடிக்கலாம்.

தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் திருச்சிப் பக்கம் போகிற நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு திருச்சி, மதுரைக்குப் போக நமக்குப் பெரிய வசதி. ஆனால் தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாட்களில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல்கேட் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அன்றைக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், விசேஷம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரோட்டைக் கடக்கும்போது மீடியனில் இடைவெளி தெரிகிறதென்று ஓடாதீர்கள், பிள்ளைகள் ஓடினாலும் நீங்கள் சொல்லி நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மாடி வீட்டுப் பிள்ளைகளோடு இருக்கிற உறவு. குடிவந்த முதல் வாரமே போய்ப் பேசிவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், இது எல்லா மாடியிலும் நடக்கும். மாமியார் மாத்திரை போட்டுப் படுக்கிற நேரத்தை நான் சொல்லிவைத்தேன். அதிலிருந்து மொட்டை மாடியில் வெட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்குகிறார்கள். மறுநாள் ஒரு துண்டு கேக் வீட்டுக்கு வரும். அவர்களுக்குப் பரீட்சை என்றால் நாங்கள் சீரியல் சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம். முதல் தடவையே அசோசியேஷனில் புகார் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு இந்த இணக்கம் அமையாது.

பாதிப் பேருக்குத் தமிழ் வராது. ஆந்திரா, தெலங்கானா, வடக்கு என்று எங்கிருந்தோ வந்த பிள்ளைகள். கடைக்காரர்களே தெலுங்கும் இந்தியும் பேசப் பழகிவிட்டார்கள். என் மாமியார் தெலுங்கில் ‘பாகுன்னாவா’ (நல்லா இருக்கியா) என்று கேட்டால் போதும், மேல்வீட்டுப் பெண் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசும். வயதானவர்களுக்கு இந்த ஊரில் அவர்கள் வயதில் துணை குறைவு. அதனால் இந்தப் பழக்கம் அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

மே மாதம் அவர்கள் காலி செய்யும்போது படிக்கிற மேஜை, மெத்தை, கூலர், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ரயில் ஏறுகிற அன்றைக்குப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள், நியாயமாகக் கொடுங்கள். அவர்கள் சோறு போட்டு வளர்த்த தெருநாய்கள் அந்த இரண்டு மாதமும் பட்டினி கிடக்கும், எரிச்சலாகவும் இருக்கும். வாசலில் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைத்தால் தெருவுக்கே நல்லது.

அட்மிஷனுக்குப் பெற்றோர் வரும்போது அவர்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு உங்கள் நம்பரையும் கொடுங்கள். டெங்கு, வைரல் என்று மழைக்காலத்தில் யாராவது ஒரு பிள்ளை படுத்துவிடும். கூட இருப்பவர்களும் பத்தொன்பது வயதுக்காரர்கள்தான், பயந்துபோய்க் கதவைத் தட்டுவார்கள். பொத்தேரியிலேயே பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரையும் இவற்றோடு சேர்த்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.