நெட்போனில் ஊருக்குப் பேசுவது எப்படி? வெளிநாடு செல்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும்போது நம் குமரி மாவட்டத்து வீடுகளில் முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் மீன் ஊறுகாயும் மறக்காமல் உள்ளே போய்விடும். ஆனால் வீட்டில் இருக்கப்போகும் அம்மாவின் கைபேசியை எடுத்து, அங்கிருந்து அழைத்தால் அது மணியடிக்குமா என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. வளைகுடா நாட்டில் இருந்துகொண்டு 'நெட்போன் சரியில்லை' என்று குறைபட்டுக்கொள்ளும் பலருக்கும் உண்மையான கோளாறு ஊரில் இருக்கும் கைபேசியில்தான் இருக்கிறது என்பது என் பல ஆண்டு அனுபவம். ஆகவே இந்த விளக்கத்தின் முதல் மூன்று படிகள், விமானம் ஏறுவதற்கு முன்பு வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியதாக இருக்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் நெட்போன் என்று சொல்லும் இணையவழி அழைப்பு என்பது நம் குரலைச் சிறுசிறு தரவுத் துண்டுகளாக்கி இணையத்தின் வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கித் தருவது. இதில் இரண்டு வகை உண்டு. இருபுறமும் ஒரே செயலி இருந்து, செயலியிலிருந்து செயலிக்கே பேசுவது முதல் வகை. வாட்ஸ்அப், பாட்டிம் போன்றவற்றில் நாம் பேசுவது இப்படித்தான். இணையச் செலவைத் தவிர இதற்குத் தனியாக நிமிடக் கட்டணம் இல்லை. இரண்டாவது வகையில், நம் பக்கம் மட்டும் செயலி இருக்கும். அழைப்பு ஊரில் உள்ள சாதாரண கைபேசி எண்ணுக்கோ வீட்டுத் தொலைபேசிக்கோ போய்ச் சேரும். வைபர் அவுட், ரெப்டெல் போன்ற சேவைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது வகை ஏன் இலவசமாக இருப்பதில்லை என்று பலர் கேட்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பைத் தன் வலையமைப்பில் ஏற்று வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு, இந்தியத் தொலைபேசி நிறுவனம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரு முடிவுக் கட்டணம் வாங்குகிறது. அந்தத் தொகையைக் கொடுத்த பிறகுதான் செயலிக்காரர் தன் லாபத்தைப் பார்க்க முடியும்.

பழைய வழிகாட்டிகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றில் எல்லாம் முதலில் நிற்கும் ஸ்கைப், 2003-இல் தொடங்கி, 2025 மே 5 அன்று மூடப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 1: வீட்டில் இருப்பது எந்தப் போன் என்று பாருங்கள்

தொடுதிரைக் கைபேசியும் தடையில்லாத டேட்டாவும் இருந்தால் முதல் வகை போதும். பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் தாத்தா, பாட்டிக்கு இரண்டாவது வகைதான் வழி. அவர்களுக்காகப் புதிதாகத் தொடுதிரைக் கைபேசி வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எழுபது வயதுக்கு மேல் பச்சை வட்டத்தை மேலே தள்ளி அழைப்பை எடுக்கப் பழகுவதற்கு ஓரிரு வாரங்கள் பிடிக்கும்; அந்த வாரங்கள் நீங்கள் ஊரில் இருக்கும்போதே கழிய வேண்டும்.

படி 2: வீட்டுக் கைபேசியைத் தயார் செய்யுங்கள்

இதுவே முக்கியமான படி என்பதால் இதற்கு ஒரு மாலைப் பொழுதை முழுவதுமாக ஒதுக்குங்கள்.

கைபேசியின் டேட்டா எப்போதும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். பணம் போய்விடும் என்று பயந்து, பேசி முடித்ததும் டேட்டாவை அணைத்துவிடும் பழக்கம் நம் பெரியவர்களிடம் நிறைய உண்டு. டேட்டா அணைந்திருந்தால் செயலி அழைப்பு வராது என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். இதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழியும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அழைக்கும்போது திரையில் 'காலிங்' என்றே நின்றால், அழைப்பு அந்தக் கைபேசியை இன்னும் எட்டவில்லை என்று பொருள். 'ரிங்கிங்' என்று மாறினால் எட்டிவிட்டது, எடுக்க ஆள் இல்லை என்று பொருள். இது தெரியாமல் 'அம்மா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்' என்று வருத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் இயங்கும் செயலிகளைக் கைபேசி தானாகவே நிறுத்திவைக்கும் அமைப்பைத் தேடி, நீங்கள் பேசப்போகும் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். அதன்பின் கைபேசியின் திரையை அணைத்து, ஒரு மணி நேரம் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். மணியடித்தால் சரி, திரையைத் திறந்த பிறகே தவறிய அழைப்பு என்று காட்டினால் அமைப்பு இன்னும் சரியாகவில்லை.

அறியாத எண்களின் அழைப்பை ஒலியின்றி ஒதுக்கிவைக்கும் வசதி 2023 முதல் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. மோசடி அழைப்புகளைத் தடுக்க அது நல்லதே. ஆனால் நீங்கள் வெளிநாட்டில் புதிய எண்ணை வாங்கி அதிலிருந்து அழைக்கும்போது உங்கள் அழைப்பும் அதில் சிக்கிக்கொள்ளும். புதிய எண் கிடைத்ததும் வீட்டில் அதைச் சேமித்துத் தருவதற்கு அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எண்களைச் சேமிக்கும்போது கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்தே சேமிக்க வேண்டும்: இந்தியாவுக்கு +91, ஐக்கிய அமீரகத்துக்கு +971, சவுதிக்கு +966, கத்தாருக்கு +974.

படி 3: உங்கள் இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள்

செயலிக்கான ஆறு இலக்கக் கடவுச்சொல் உங்கள் இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவே வரும்; வங்கிக்கும் அதே எண்தான். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே இரண்டு சிம் போடும் கைபேசியில் ஊர் சிம்மை இரண்டாவது இடத்தில் வைத்து, குறுஞ்செய்தி வரும் அளவுக்காவது சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கி, ரீசார்ஜ் தவறாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முயன்றால் ஏதாவது ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

படி 4: போய்ச் சேர்ந்த நாட்டின் சட்டத்தைக் கேட்டறியுங்கள்

ஐக்கிய அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், படம் அனுப்பலாம். ஆனால் குரல் அழைப்பு இணையாது. அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த செயலிகளில்தான் பேச வேண்டும். நம்மவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் பாட்டிம் அவற்றுள் ஒன்று. அங்குள்ள தொலைபேசி நிறுவனமான எதிசலாத் 2018 ஜனவரியில் இதற்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியபோது கைபேசிக்கு மாதம் 50 திர்ஹம் கட்டணம் வைத்தது. இன்றைய கட்டணத்தை உங்கள் சிம் நிறுவனத்தின் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்கள் பாட்டிமில் பேச வேண்டுமானால் அம்மாவின் கைபேசியிலும் பாட்டிம் இருக்க வேண்டும். அமீரகம் செல்பவர்கள் படி 2-இல் சொன்ன சோதனையை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் பாட்டிமுக்கும் செய்துவிட்டுப் போங்கள்.

சவுதி அரேபியா இணைய அழைப்புகளுக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தியது. ஒரு நாட்டில் இயங்குவது பக்கத்து நாட்டில் இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தடையைத் தாண்ட, நம் இணைய முகவரியை மறைத்துக் காட்டும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அறை நண்பர்கள் ஆலோசனை தருவார்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின்படி, இணைய முகவரியை மறைத்து ஒரு குற்றத்தைச் செய்தால் சிறையும், ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மாதம் சில திர்ஹம் மிச்சம் பிடிக்கப் போய் இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

படி 5: சாதாரண எண்ணுக்கு அழைக்கும்போது

கட்டணச் செயலியில் பணம் போடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். இந்தியக் கைபேசிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கும் தனித்தனிக் கட்டணமா? பேசிய நொடிக்குக் கணக்கா, அல்லது முழு நிமிடமாக உயர்த்திக் கணக்கிடுகிறார்களா? ஒவ்வோர் அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம் என்று தனியாக ஏதாவது உண்டா? நான் முதலில் பயன்படுத்திய ஒரு சேவையில் நிமிடக் கட்டணம் மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அழைப்பு அடிக்கடி அறுந்துபோக, திரும்பத் திரும்ப அழைத்ததற்கெல்லாம் இணைப்புக் கட்டணம் தனித்தனியாகப் பிடித்துவிட்டார்கள். பத்து நிமிடம் பேசியதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் பேசிய காசு போயிருந்தது. இருப்பு தீர்ந்ததும் அட்டையிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் தானியங்கி டாப்-அப் வசதியை முதல் நாளே அணைத்துவிட்டு, மிகக் குறைந்த தொகையை மட்டும் போட்டு ஒரு வாரம் பேசிப் பாருங்கள்.

வீட்டுத் தொலைபேசிக்கு அழைக்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு, ஊர்க் குறியீட்டின் முன்னால் உள்ள பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்துவது. நாகர்கோவிலுக்கு 04652, குழித்துறைக்கு 04651 என்பதெல்லாம் நாட்டுக்குள் இருந்து அழைப்பதற்கானவை. வெளிநாட்டிலிருந்து +91 4652 அல்லது +91 4651 என்று போட்டு, அதன்பின் வீட்டு எண்ணை அழுத்த வேண்டும்.

இப்படி அழைக்கும்போது ஊரில் உள்ளவருக்கு உங்கள் பெயர் தெரியாமல், ஏதோ ஒரு வெளிநாட்டு எண் தெரியலாம். காவல்துறையினர் போல நடித்து மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் பெரியவர்கள் அதைத் துண்டித்துவிடுவார்கள். அப்படித் துண்டிப்பதே சரி. செயலியில் உங்கள் எண்ணைச் சரிபார்த்து, அந்த எண்ணே தெரியும்படி அமைக்கும் வசதி இருந்தால் வெளிநாட்டு எண்ணையே கொடுங்கள். இந்திய எண்ணைக் கொடுத்தால் அழைப்பு போய்ச் சேராமல் போகலாம்; ஏனெனில் வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணின் போலி முகமூடியோடு வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு 2024 அக்டோபரில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் எண்ணைத் தெரியவைக்கும் வசதி செயலியில் இல்லையென்றால், குறித்த நாளில் குறித்த நேரத்தில் அழைப்பதாக வீட்டில் பேசி வைத்துக்கொள்வதே நல்லது.

படி 6: குரல் தெளிவாகக் கேட்க

குரல் அழைப்புக்கு நீங்கள் நினைக்கும் அளவுக்கு டேட்டா தேவையில்லை. குரலைத் தரவாக்கும் பழைய முறையில் நொடிக்கு 64 கிலோபிட் வேண்டும். ஒவ்வொரு தரவுத் துண்டோடும் சேர்ந்து போகும் முகவரி விவரங்களையும் சேர்த்து, இருபுறமும் கணக்கிட்டால் அரைமணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ 40 எம்பி ஆகும். இன்று பல செயலிகள் பயன்படுத்தும் ஓபஸ் என்னும் முறையில் இது இன்னும் குறையும். காணொளிக்குப் பல மடங்கு ஆகும்.

உண்மையான தொல்லை வேகக் குறைவால் வருவதைவிடத் தாமதத்தால் வருவதே அதிகம். ஒருபுறப் பேச்சு மறுபுறம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால் நமக்கு வேறுபாடு தெரியாது. அது கூடிக்கொண்டே போகும்போது இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்தி, 'மக்களே, கேக்குதா, கேக்குதா?' என்பதிலேயே நேரம் போய்விடும். ஓர் அறையில் ஆறேழு பேர் ஒரே வைஃபையில் படம் பார்க்கும் இரவு நேரத்தில் இது கட்டாயம் நிகழும். காணொளியை நிறுத்திக் குரலுக்கு மாறுங்கள். வைஃபையை விட்டுக் கைபேசி டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். எதிரொலி கேட்டால், உங்கள் குரல் மறுமுனை ஒலிபெருக்கியிலிருந்து வெளிவந்து அதே கைபேசியின் ஒலிவாங்கிக்குள் திரும்பிப் போகிறது என்று பொருள். ஆகவே ஸ்பீக்கரை அணைக்க வேண்டியவர் ஊரில் இருப்பவர்.

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். அமீரகமும் ஓமானும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகியவை இரண்டரை மணி நேரம் பின்னால். சவுதியில் இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் ஓய்வாக அழைக்கும்போது குலசேகரத்தில் மணி பதினொன்றரை. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பா உறங்கி நெடுநேரம் ஆகியிருக்கும்.

படி 7: இரண்டாவது வழி ஒன்றை வைத்திருங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கி, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வீட்டு நிலவரம் தெரியவில்லை. மின்சாரம் போனால் வீட்டு வைஃபை உடனே அணையும். கைபேசிக் கோபுரம் தன் பேட்டரி தீரும்வரை தாங்கும். ஆகவே வீட்டு வைஃபையை மட்டும் நம்பாமல், அம்மாவின் கைபேசியில் சிறிய டேட்டாத் திட்டம் ஒன்றும், சார்ஜ் போட்ட பவர் பேங்க் ஒன்றும் இருக்கட்டும். வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அண்டை வீட்டார் ஒருவரின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். செயலி அழைப்புகள் எதுவும் கிடைக்காத நாளில் பயன்படுத்துவதற்காகக் கட்டணச் செயலியில் சிறு தொகை எப்போதும் கிடக்கட்டும்.

அவசர உதவிக்கு நெட்போனை நம்ப வேண்டாம். இத்தகைய செயலிகளிலிருந்து ஊரின் 112-ஐ அழைக்க முடியாது. அமீரகத்தில் இருந்தால் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 998 என்று கைபேசியின் சாதாரண அழைப்பிலேயே அழைக்க வேண்டும். ஊரில் அம்மாவுக்கு நள்ளிரவில் உடல்நலக் குறைவு என்று உங்களுக்குத் தகவல் வந்தால், அங்கே 108-ஐ அழைத்துத் தரக்கூடியவர் அந்த அண்டை வீட்டாரே. அவருடைய எண்ணையும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.