கொல்லிமலைப் பள்ளத்தாக்கில் முதல் நடை: டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை

உளுந்து, பயறு எடுத்து முடித்தாயிற்று. மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. இடையில் கிடைக்கிற ஏப்ரல், மே மாதங்கள்தான் நம் ஊர்ப்பக்கம் மூச்சுவிட நேரம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து முதல்முறையாக மலையில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது கொல்லிமலை ஆகாய கங்கை. அங்கே அருவியாக விழுகிற ஐயாறு கடைசியில் நம் காவிரியில்தான் வந்து சேர்கிறது.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மலைக்கோயில் என்றால் முதலில் ஏறுவோம், அப்புறம் இறங்குவோம். இங்கே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. குளித்துக் களைத்து, வெயிலும் ஏறிய பிறகுதான் ஏற்றம் வரும். கீழே கொடுத்ததெல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

1. இரண்டு வாரம் முன்பே கால்களைப் பழக்குங்கள்

ஆற்றங்கரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அது சமதரை நடை. முட்டிக்குப் படிப் பழக்கம் வராது. சுவாமிமலைக் கட்டுமலையின் 60 படிகளைக் கூட்டமில்லாத நேரத்தில் மூன்று நான்கு தடவை ஏறி இறங்குங்கள். திருச்சிக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு மலைக்கோட்டை இருக்கிறது. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள்: முட்டியை லேசாக மடக்கி, பாதம் முழுவதும் படியில் பதிய, மெதுவாக. தடதடவென்று இறங்கினால் தொடை நடுங்கத் தொடங்கிவிடும்.

2. பயணம்

திருச்சி, நாமக்கல் வழியாகப் போகலாம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முந்தின நாளே மலைமேல் இருக்கிற செம்மேட்டில் தங்கிவிட்டால் காலையில் அவசரமில்லை.

3. பையில் என்ன?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கட்டுச்சோறுக்குப் புளிச்சாதம் போதும், கெடாது. பாலித்தீன் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்; முதுகுப்பைதான் சரி. கால் நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் போய் இடித்துக்கொண்டே இருக்கும். ஈரப்பாறையில் ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம்.

4. இறங்குங்கள், நின்று ஏறுங்கள்

காலையில் அனுமதிக்கிற முதல் நேரத்திலேயே இறங்கிவிடுங்கள். அருவி ஏறத்தாழ 300 அடி உயரம். கோடையில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் சாரல் முகத்தில் படும்போது நம் ஊர் அனலெல்லாம் மறந்துபோகும். மேலே கருமேகம் திரண்டாலோ தண்ணீர் கலங்கி வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். கோடை மழையில் ஓடை சட்டென்று பெருகும். வனத்துறை மூடியிருந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஏறும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை நில்லுங்கள். மூச்சு வாங்கிய பிறகு நிற்பதல்ல, வாங்குவதற்கு முன்பே நிற்பது. பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் உட்கார்ந்துவிடுங்கள், வீம்பு வேண்டாம். இதய நோய், முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

5. மேலே வந்த பிறகு

முடவாட்டுக்கால் என்கிற மலைக்கிழங்கில் செய்த சூப் சூடாகக் கிடைக்கும், குடித்துப் பாருங்கள். பலாப்பழ சீசன் என்றால் மலைப்பலாவையும் விடாதீர்கள். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடங்கள். படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும்.