ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் சரியில்லை: நாம் செய்யும் தவறுகள்

மூன்று வருடம் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நாலு தடவை கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது எனக்கு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி அடிவயிற்றைப் பிசையும். லீவு நாளில் பாதி குறைந்துவிடும். ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு டாக்டர் ஃபைலை மூடி "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் இல்லையென்றால் வலிப்பது எது? அதற்குப் பதில் கிடைக்கும்வரை நான் செய்த தவறுகளும், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பார்த்த தவறுகளும் நிறைய. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, ரிப்போர்ட் நார்மல் என்றால் நோயே இல்லை, வலி நம் கற்பனை என்று நம்பிவிடுவது. எண்டோஸ்கோபியில் தெரிவது புண், வீக்கம், கட்டி மாதிரியானவை. குடல் எந்த வேகத்தில் நகர்கிறது, அங்குள்ள நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியாது. மலக்குடலில் ஒரு சிறிய பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பார்த்த பரிசோதனைகள் உண்டு. சாதாரண ஆட்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே, ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களில் பலருக்கு வலியே வந்துவிடுகிறது. குடல் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது மூளைக்கு அனுப்பும் சத்தம் வேறு. குடல் நோய் நிபுணர்கள் சேர்ந்து வகுத்து 2016-ல் வந்த ரோம் வழிகாட்டுதல்கள் இந்த வகைக் கோளாறுகளுக்குக் குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வரும் கோளாறுகள் என்றே பெயர் மாற்றின. அதன்படி, மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருந்து, அது மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடவோ குறையவோ செய்து, போகும் தடவையும் மலத்தின் தன்மையும் மாறியிருந்தால் அது ஐ.பி.எஸ். ஆக இருக்கலாம். பெயரும் இலக்கணமும் உள்ள நோய் அது, "ஒண்ணும் இல்ல" கிடையாது.

வயிற்றுக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பை நம் பேச்சு எப்போதோ கண்டுகொண்டது. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, அநியாயத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822-ல் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட ஓட்டை மூடவே இல்லை. அந்த ஓட்டை வழியாக நூலில் கட்டிய உணவை உள்ளே இறக்கி, எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று போமான்ட் பல வருடம் கவனித்தார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோது செரிமானமும் கெட்டதைக் குறித்துவைத்தார். (அந்த ஏழைத் தொழிலாளிக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

இன்று தெரிவது இதைவிட அதிகம். குடல் சுவரிலேயே பத்து கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் வயிற்றிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை, கீழே உத்தரவு கொண்டுவருபவை குறைவுதான். பதற்றம் வரும்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, அதே நேரத்தில் பெருங்குடலை முடுக்கிவிடுகின்றன. பரீட்சை அன்று காலையில் ஒரு இட்லிகூட இறங்காமல் மேல்வயிறு அடைத்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் கழிவறைக்கு ஓடிக்கொண்டிருந்தோமே, அது இதனால்தான். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஒரு தடவை கெட்டுப்போன பிரியாணி சாப்பிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவர்களில் சிலருக்குக் கிருமி போன பிறகும் குடல் சமாதானமாவதில்லை, மாதக்கணக்கில் தொட்டதற்கெல்லாம் வலிக்கிறது. அப்புறம் "வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது" என்ற பயம் சேர்ந்துகொள்கிறது, அந்தப் பயமே குடலை முடுக்குகிறது. என் பஸ் பயணத்தில் நடந்தது அதுதான்.

இதிலேயே ஒரு சின்னத் தவறு வாட்ஸப்பில் சுற்றுகிறது: மகிழ்ச்சி தரும் செரோடோனின் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது, அதனால் தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும் என்று. முதல் பாதி சரி. ஆனால் குடலில் சுரக்கும் செரோடோனின் மூளைக்குள் போக முடியாது, அது குடலை அசைக்கும் வேலையைப் பார்க்கிறது. தயிர் நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மனச்சோர்வுக்கு அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் போடுவது. வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருகிறது என்றுதான் ரொம்ப காலம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற மருத்துவர் 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து காட்டினார். 2005-ல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்ணுக்கு இந்தக் கிருமியும், மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும்தான் முக்கியக் காரணங்கள். மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விழுங்கும்போது அடைப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மனசு, டென்ஷன் என்று பேசிக்கொண்டிருக்காமல் குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். மேல்வயிறோ நெஞ்சோ அழுத்தி, வியர்த்துக்கொட்டி, மூச்சு வாங்கி, தாடையிலோ தோளிலோ கையிலோ வலி பரவினால் அதை "கேஸ்" என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து நேரத்தைக் கழிக்கக் கூடாது. மாரடைப்பு இப்படியும் வரும், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் வரும். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கேஸ்தான் என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பி வரலாம்.

அடுத்து கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை வருடக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் என் உறவிலேயே நிறையப் பேர். இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் முழுப் பலன் இருக்காது, உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு 8 வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள், அதுவரை நெஞ்செரிச்சலே இல்லாத பலருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. அதைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று முடிவு கட்டுவதுதான் தவறு. மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். நீண்ட காலம் போட்டால் பி12 குறைய வாய்ப்புண்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சேர்த்துப் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் பரிசோதித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் நான் செய்தது பெரிய தவறு. முதலில் காரத்தை விட்டேன், பிறகு பால், பிறகு பருப்பு, கோதுமை, கத்திரிக்காய், கடைசியில் ரசம் சாதமும் வாழைப்பழமும்தான் மிச்சம். ஆறு கிலோ குறைந்ததுதான் பலன், வயிறு அப்படியே இருந்தது, ஒவ்வொரு கவளமும் பயமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, குடலில் எளிதில் நொதித்து வாயுவாகும் சர்க்கரைகளைக் குறைப்பது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பல பருப்புகள் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் அது 2 முதல் 6 வாரத்துக்கு மட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும். பட்டியலைப் பார்த்துவிட்டு இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறோம். எனக்கு ஒத்துக்கொள்ளாதது கடைசியில் பச்சை வெங்காயமும் நிறையப் பாலும்தான், சாம்பார் திரும்ப வந்துவிட்டது. பூண்டில் தொல்லை தரும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டுத் தாளித்தால் மணம் மட்டும் கிடைக்கும்.

மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெய் குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, குடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வந்ததை அடக்குவது அதைவிட மோசம். பள்ளிக் கழிவறை சரியில்லை என்று நாள் முழுக்க அடக்கிவைத்துப் பழகிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அடக்க அடக்க மலக்குடலுக்கு உணர்த்தும் பழக்கமே மங்கிவிடும். காலையில் எழுந்து சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாகவே அசையும், அந்த நேரத்தில் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்கார விடுங்கள், குழந்தைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலித்த தவறு. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். இணையத்தில் தேடினேன், மனச்சோர்வு மாத்திரை என்று போட்டிருந்தது, எட்டு மாதம் அதைத் தொடவே இல்லை. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மாவிடம் அழுதேன். அவ்வளவு குறைந்த அளவில் அது கொடுக்கப்படுவது குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியின் சத்தத்தைக் குறைக்க. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. இதை அந்த டாக்டர் ஒரு நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும், நானும் கேட்டிருக்கலாம். எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது, மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது அதைக் கூட்டவும் செய்யும், அதனால் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். மனநல ஆலோசனையும் அப்படித்தான், ஐ.பி.எஸ்.-க்கு அது பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம், யாரையும் பைத்தியம் என்று சொல்வதற்காக அல்ல.

டாக்டரிடம் போகும்முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, எத்தனை தடவை போனீர்கள், அன்று என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். என் நோட்டில் வலித்த நாள்களில் பாதிக்கு மேல் இரவு பன்னிரண்டுக்குப் படுத்த நாள்கள். உணவுதான் காரணம் என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள், தூக்கம் என்ற கட்டத்தைக் கடைசியாகத்தான் அதில் சேர்த்தேன்.