சுன்னாகத்து மில்லும் வெள்ளவத்தைக் கடையும்: குழுமக் கணக்கில் உள்வீட்டு வியாபாரத்தை நீக்குவது எப்படி?

ஒரு வீட்டில் அண்ணன் தோட்டத்துக் கத்தரிக்காயைத் தம்பிக்கு நூறு ரூபாய்க்கு விற்கிறான். தம்பி அதைக் குசினியில் வைத்திருக்கிறான். "இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நூறு ரூபாய் வருமானம்" என்று அப்பா சொன்னால் அயலட்டம் சிரிக்கும். ஒன்றுதிரட்டிய நிதிக்கூற்றில், அதாவது தாய்க் கம்பனியையும் அது கட்டுப்படுத்தும் துணைக் கம்பனியையும் ஒன்றாகக் காட்டும் குழுமக் கணக்கில், நாம் செய்யும் வேலையும் இந்தச் சிரிப்புக்கு இடம் வைக்காமல் பார்ப்பதுதான். தாய்க் கம்பனியும் துணைக் கம்பனியும் சட்டத்தில் இரண்டு ஆட்கள், குழுமக் கணக்கில் ஒரே வீடு. எந்தப் பதிவில் குழம்பினாலும் "இதில் வெளியாள் யார்?" என்று கேளுங்கள். வெளியாளே இல்லையென்றால் அந்தத் தொகை குழுமக் கணக்கில் நிற்கக் கூடாது.

விதி இருப்பது இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 10இல். குழுமத்துக்குள் நடந்த கொடுக்கல்வாங்கலால் வந்த சொத்து, பொறுப்பு, வருமானம், செலவினம், காசுப்பாய்ச்சல் எல்லாவற்றையும் முழுமையாக நீக்கச் சொல்கிறது அது. "முழுமையாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். தாயிடம் 80% பங்குதான் இருக்கிறது என்பதற்காக 80% மட்டும் நீக்குவதில்லை.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். இங்கே நாம் வரவு (debit), செலவு (credit) என்று எழுதுவதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பற்று, வரவு என்று எழுதும். அதாவது அவர்களுடைய வரவு நம்முடைய செலவு! இணையத்தில் தமிழ்நாட்டுக் காணொளி பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் தலைகீழாக எழுதி வருவதை நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். இந்தப் பதிவில் நம்மூர் வழக்கே.

எங்கள் உதாரணம்

தாய்க் கம்பனிக்குச் சுன்னாகத்தில் நல்லெண்ணெய் மில். துணைக் கம்பனிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் கடை. தாயிடம் 80% பங்கு, மிச்ச 20% கொழும்பிலுள்ள உறவினர்களிடம். அந்த 20% தான் கட்டுப்படுத்தாத உரிமை. ஆண்டு முடிவு மார்ச் 31. ஒரு போத்தல் எண்ணெய்க்கு மில்லின் கிரயம் 800 ரூபாய், கடைக்குக் கொடுக்கும் விலை 1,000, கடை வாடிக்கையாளருக்கு விற்கும் விலை 1,200. இது கணக்குக்கு வசதியான விலை. சந்தையில் இப்படிக் கிடைக்கும் என்று போத்தலோடு வந்து நிற்காதீர்கள்.

படி 1: இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் வையுங்கள்

நீக்குமுன் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மில்லின் பேரேட்டில் கடையிடமிருந்து வருமதி (வரவேண்டிய பணம்) 850,000. கடையின் பேரேட்டில் மில்லுக்குச் சென்மதி (கொடுக்கவேண்டிய பணம்) 700,000. வித்தியாசம் 150,000.

இந்த இடத்தில் பலர் 700,000ஐ மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைத் "தொங்கல் கணக்கு" என்று எழுதிவைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். வித்தியாசத்துக்கு எப்போதும் ஒரு கதை இருக்கும்.

இங்கே கதை இதுதான். மார்ச் 31 இரவு 100 போத்தலோடு மில்லிலிருந்து லொறி புறப்பட்டது. மில் அன்றைக்கே விலைப்பட்டியல் போட்டு விற்பனையாக எழுதிவிட்டது. ஆண்டு முடியும் நேரத்தில் லொறி ஏ9 வீதியில், மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிற்கிறது. கடைக்காரர் பெட்டியைக் காணவில்லை, அதனால் எழுதவும் இல்லை. ஆகவே 100,000 வழியில் இருக்கும் சரக்கு. மற்றப் பக்கம், கடை மார்ச் 30இல் எழுதி அனுப்பிய 50,000 ரூபாய்க் காசோலை சுன்னாகத்துக்கு ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அது வழியில் இருக்கும் காசு.

திருத்தம்:

சரக்கிருப்பு வரவு 100,000
மில்லுக்குச் சென்மதி செலவு 100,000

வழியிலுள்ள காசு வரவு 50,000
கடையிடமிருந்து வருமதி செலவு 50,000

இப்போது வருமதியும் 800,000, சென்மதியும் 800,000. சரி, இனி நீக்கலாம்:

மில்லுக்குச் சென்மதி வரவு 800,000
கடையிடமிருந்து வருமதி செலவு 800,000

லொறியை மறந்துவிடாதீர்கள். படி 4இல் திரும்ப வரும்.

படி 2: கடனும் வட்டியும்

மில் கடைக்கு 20 இலட்சம் ரூபாயை 12% வட்டிக்குக் கொடுத்திருக்கிறது. ஆண்டு வட்டி 240,000. அதில் கடைசி மூன்று மாத வட்டி 60,000 இன்னும் கொடுபடவில்லை. கடன் சென்மதியை வரவு வைத்துக் கடன் வருமதியைச் செலவு வையுங்கள், 2,000,000. வட்டி வருமானத்தை வரவு வைத்து வட்டிச் செலவினத்தைச் செலவு வையுங்கள், 240,000. அட்டுறு வட்டியிலும் இரண்டு பக்கமும் 60,000ஐ நீக்குங்கள். இலாபம் ஒரு சதமும் மாறாது. முகாமைத்துவக் கட்டணம், உள்வாடகை எல்லாம் இதே மாதிரித்தான்.

படி 3: விற்பனையை நீக்குதல்

ஆண்டு முழுக்க மில் கடைக்குக் கொடுத்தது 6,000 போத்தல், அதாவது 60 இலட்சம் ரூபாய்.

விற்பனை வரவு 6,000,000
விற்பனைக் கிரயம் செலவு 6,000,000

"விற்பனையை நீக்குவது விளங்குகிறது, ஏன் விற்பனைக் கிரயத்தைக் குறைக்க வேண்டும்?" என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். மில் விற்பனை என்று எழுதிய அதே 60 இலட்சம்தான், லொறியிலுள்ள 100,000ஐயும் சேர்த்தால், கடையின் கொள்வனவு. கொள்வனவு விற்பனைக் கிரயத்துக்குள் இருக்கிறது. ஒரே தொகையின் இரண்டு முகத்தையும் சேர்த்து அழிக்கிறோம். பொருள் முழுக்க வெளியே விற்றுப்போயிருந்தாலும் இந்தப் பதிவு வேண்டும். "எல்லாம் விற்றுப்போயிற்று, இனி நீக்க ஒன்றுமில்லை" என்று நினைத்தால் குழுமத்தின் விற்பனை ஊதிப் பெருத்து நிற்கும்.

படி 4: தேறாத இலாபம்

முழுப் பாடத்தின் உயிர்நாடி இந்தப் படிதான், அவசரப்படாமல் வாசியுங்கள்.

கடை 4,500 போத்தலை வெளியாட்களுக்கு விற்றுவிட்டது. மிச்சம் 1,500. அலுமாரியில் எண்ணினால் 1,400தான் இருக்கும், மற்ற 100 மாங்குளத்து லொறியில். கணக்காய்வாளர் எண்ணிய தாளை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் இந்த 100 தப்பிவிடும்.

1,500 போத்தலைக் கடை தலா 1,000 ரூபாய் என்று 15 இலட்சமாகக் காட்டுகிறது. ஆனால் குழுமம் ஒரே வீடு. அந்த வீட்டுக்கு ஒரு போத்தலின் கிரயம் 800தான், சுன்னாகத்திலிருந்து வெள்ளவத்தைக்குப் போனதால் அது ஆயிரமாகிவிடாது. ஒரு போத்தலுக்கு 200 வீதம் 300,000 ரூபாய் இன்னும் உழைக்காத இலாபம். அதைத்தான் தேறாத இலாபம் என்கிறோம்.

விற்பனைக் கிரயம் வரவு 300,000
சரக்கிருப்பு செலவு 300,000

பரீட்சையில் போத்தல் கணக்குத் தரமாட்டார்கள். "கிரயத்தின் மேல் 25% இலாபம் வைத்து விற்றது, கையிருப்பு 1,500,000" என்று தருவார்கள். உடனே 1,500,000இல் 25% எடுத்து 375,000 என்று எழுதினால் பிழை. அந்த 15 இலட்சம் விற்பனை விலை, கிரயம் அல்ல. கிரயம் 100 என்றால் விலை 125, இலாபம் 25. ஆகவே 1,500,000 × 25/125 = 300,000. விற்பனை விலையின் மேல் 20% என்று தந்திருந்தால் மட்டும் நேரே பெருக்கலாம். கேள்வியில் "கிரயத்தின் மேல்" என்பதன் கீழே பேனையால் கோடு போடுங்கள்.

இப்போது சரிபார்ப்போம். மில்லின் விற்பனை 6,000,000, கிரயம் 4,800,000, இலாபம் 1,200,000. கடையின் விற்பனை 5,400,000, கிரயம் 4,500,000, இலாபம் 900,000. சும்மா கூட்டினால் விற்பனை 11,400,000, கிரயம் 9,300,000, இலாபம் 2,100,000.

நீக்கிய பின் விற்பனை 11,400,000 – 6,000,000 = 5,400,000. கிரயம் 9,300,000 – 6,000,000 + 300,000 = 3,600,000. இலாபம் 1,800,000.

இனி எல்லாப் பதிவையும் மறந்துவிட்டு வெளியாளின் கண்ணால் பாருங்கள். 4,500 போத்தல் 1,200 ரூபாய்க்கு விற்கப்பட்டது, 5,400,000. அவற்றின் உண்மைக் கிரயம் தலா 800, 3,600,000. இலாபம் 1,800,000. அச்சொட்டாக அதே தொகை. பதிவு விளங்காத நாளில் இந்தக் குறுக்குவழியால் விடையை முதலில் கண்டுபிடித்து, பிறகு பதிவுக்குத் திரும்பி வரலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

படி 5: வரி

சரக்கிருப்பைக் குழுமம் 12 இலட்சமாகக் காட்டுகிறது, வரித் திணைக்களத்துக்கோ கடையின் கிரயம் 15 இலட்சம்தான். இந்த 3 இலட்ச வித்தியாசத்துக்குக் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 12இன்படி பிற்போட்ட வரிச் சொத்து (பின்னால் குறையப்போகும் வரியை இப்போதே சொத்தாகக் காட்டுவது) வரும். வாங்கியவரின் வரி வீதத்தைப் பாவிக்க வேண்டும். கடை வழமையான 30% வீதத்தில் வரி கட்டுகிறது என்றால்:

பிற்போட்ட வரிச் சொத்து வரவு 90,000
வரிச் செலவினம் செலவு 90,000

படி 6: விற்றது யார்?

எண்ணெயை விற்றது தாய். தேறாத இலாபம் தாயின் இலாபத்துக்குள் இருக்கிறது, ஆகவே உறவினர்களின் 20% பங்கில் கை வைக்கத் தேவையில்லை.

திசை மாறினால் கதை மாறும். கடை கொழும்பில் வெறும் போத்தல் வாங்கி, இலாபம் வைத்து மில்லுக்கு விற்கிறது என்று வையுங்கள். ஆண்டு முடிவில் மில்லிடம் கிடக்கும் போத்தலில் 50,000 தேறாத இலாபம். நீக்குவது அதே 50,000தான், ஆனால் அது கடையின் இலாபத்தை ஊதவைத்த தொகை. கடையின் இலாபத்தில் 20% உறவினர்களுடையது. ஆகவே குறைப்பிலும் 20%, அதாவது 10,000, கட்டுப்படுத்தாத உரிமையின் பங்கிலிருந்து போகும். இங்கே வாங்கியவர் மில், அதன் வீதமும் 30% என்றால் பிற்போட்ட வரியையும் சேர்த்துக் குறைப்பு 35,000, அவர்கள் பங்கு 7,000.

படி 7: ஜெனரேற்றர்

இந்த ஆண்டின் முதல் நாளான ஏப்ரல் 1இல் மில் தன் பழைய ஜெனரேற்றரைக் கடைக்கு விற்றது. ஏட்டுப் பெறுமதி 10 இலட்சம், விற்ற விலை 14 இலட்சம், இன்னும் 4 வருட ஆயுள். மில் 4 இலட்சம் இலாபம் காட்டுகிறது. கடை வருடம் 350,000 பெறுமானத்தேய்வு போடுகிறது. குழுமத்துக்கோ அது 250,000 ஆகத்தான் இருக்க வேண்டும்.

சொத்து விற்ற இலாபம் வரவு 400,000
உபகரணம் செலவு 400,000

திரண்ட பெறுமானத்தேய்வு வரவு 100,000
பெறுமானத்தேய்வுச் செலவினம் செலவு 100,000

எண்ணெய் விற்றுப்போனால் இலாபம் தேறும். ஜெனரேற்றரை யாரும் விற்கப் போவதில்லை, அது ஓடித் தேய்வதால் இலாபம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது, வருடம் ஓர் இலட்சம். நாலாம் வருட முடிவில் தடயமே இருக்காது. வரி இதற்கும் உண்டு, படி 5 போலவே.

படி 8: பங்கிலாபம்

கடை 500,000 பங்கிலாபம் கொடுத்தால் மில்லுக்கு வந்த 400,000 வருமானத்தை நீக்கிக் கடையின் பிடித்துவைத்த இலாபத்தோடு (பங்கிட்டுக் கொடுக்காமல் சேர்த்துவைத்த இலாபம்) நேர்செய்யுங்கள். உறவினர்களுக்குப் போன 100,000 கட்டுப்படுத்தாத உரிமையைக் குறைக்கும்.

படி 9: அடுத்த வருடம்

பயிலுநராக இருந்த காலத்தில் நான் பட்ட வெட்கத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒரு குழுமத்தின் தேறாத இலாபப் பதிவைத் துணைக் கம்பனியின் பேரேட்டிலேயே எழுதிவிட்டேன். அடுத்த மாதம் அவர்களுடைய களஞ்சியப் பொறுப்பாளர் வந்து, "தம்பி, எங்கட சரக்கின்ர விலை ஏன் குறைஞ்சு கிடக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மேலே எழுதிய நீக்கல் பதிவுகளுக்கு இரண்டு கம்பனிப் பேரேட்டிலும் இடமில்லை. அவை குழுமத்தின் எக்செல் தாளில் மட்டும் வாழ்பவை.

அதன் விளைவைத்தான் பலர் கவனிப்பதில்லை. புது வருடம் இரண்டு பேரேட்டையும் புதிதாகக் கூட்டும்போது போன வருட நீக்கல் எதுவும் உள்ளே இல்லை. மில்லின் ஆரம்ப இலாபத்தில் அந்த 3 இலட்சம் அப்படியே இருக்கிறது. 1,500 போத்தலும் இந்த வருடம் விற்றுப்போயிருந்தால்:

ஆரம்பப் பிடித்துவைத்த இலாபம் வரவு 300,000
விற்பனைக் கிரயம் செலவு 300,000

போன வருடம் தள்ளிவைத்த இலாபம் இந்த வருடம் உள்ளே வருகிறது. வரியும் கூடவே திரும்பும்: வரிச் செலவினம் வரவு 90,000, ஆரம்பப் பிடித்துவைத்த இலாபம் செலவு 90,000. ஜெனரேற்றருக்கு ஆரம்ப இலாபத்தில் குறைக்க வேண்டியது 400,000 அல்ல, 300,000, ஓர் இலட்சம் ஏற்கெனவே தேறிவிட்டது. இந்த வருட முடிவில் கடையில் கிடக்கும் புதுப் போத்தல்களுக்குப் படி 4ஐ மறுபடி செய்யுங்கள். போன வருடத் தாளைப் பிரதி எடுத்து எண்ணை மட்டும் மாற்றுவதானால், மார்ச் 31 இரவு லொறி எங்கே நின்றது என்று மில்லுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போடுங்கள்.